வலைப்பக்கம் என்பது படம் இல்லை: வெப் டிசைன் கற்கத் தொடங்குபவருக்குச் சில குறிப்புகள்

"வெப் டிசைன் கத்துக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் பதிலாக வரும். முதல்ல எச்.டி.எம்.எல், அப்புறம் சி.எஸ்.எஸ், அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ரியாக்ட். பட்டியலில் தப்பில்லை. ஆனால் இந்த வரிசை ஏன் இப்படி இருக்கு, ஒவ்வொன்றும் எந்த வேலைக்காக வந்தது என்று தெரியாமல் படிப்பவர்கள் பலர் இரண்டாம் வாரமே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் விடாமல் படித்து வேலைக்கும் போய்விடுகிறார்கள். ஆனால் அவர்கள் செய்யும் பக்கம் அவர்களுடைய லேப்டாப்பில் மட்டும்தான் அழகாக இருக்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம். வலைப்பக்கத்தை நாம் ஒரு படம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது படம் இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். அதைத்தான் இந்தக் குறிப்பில் விளக்கப் பார்க்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையும் சமையல் குறிப்பும்

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறோம். அச்சகத்தில் எந்த அளவில், எந்த நிறத்தில் அடித்தார்களோ, அதே அளவில் அதே நிறத்தில் ஆயிரம் வீட்டுக்கும் போகும். எங்கே திறந்தாலும் அதே பத்திரிகைதான்.

வலைப்பக்கம் அப்படி இல்லை. அது வெளியூரில் இருக்கிற அக்காவுக்கு எழுதி அனுப்புகிற சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பு நம்முடையது. சமைப்பது அங்கே, அவர்கள் வீட்டு அடுப்பில், அவர்களிடம் இருக்கிற பாத்திரத்தில். நம்ம சர்வர் அனுப்புவது வெறும் எழுத்துக் கோப்புதான். அதைப் படித்து, எழுத்துருவைத் தேடி, வரிகளை மடித்து, திரையில் வரைகிற வேலை முழுவதையும் படிப்பவருடைய பிரவுசர் செய்கிறது. அவர் திரை ஆறு அங்குலமாக இருக்கலாம், அறுபது அங்குலமாகவும் இருக்கலாம். கண் பார்வை இல்லாதவராக இருந்தால் அவருக்குத் திரையே தேவையில்லை. பக்கத்தைக் குரலாகக் கேட்பார்.

இது பின்னாளில் ஒட்டவைத்த கொள்கை இல்லை. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் தன் திட்டத்தை முன்வைத்தபோது, அங்கே பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத பலவகைக் கணினிகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லாக் கணினியிலும் ஒரே ஆவணத்தைப் படிக்க முடியணும் என்பதுதான் பிரச்சினை. 1990 கடைசியில் அவர் எழுதிய முதல் பிரவுசர் நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டும் ஓடியது. நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, எழுத்து மட்டும் காட்டும் சாதாரண முனையத்திலும் ஓடக்கூடிய இன்னொரு பிரவுசரை எழுதினார். ஒரே ஆவணம், இரண்டு விதமான திரை. அன்று எழுதப்பட்ட முதல் வலைத்தளத்தின் பக்கங்களை இன்றைய மொபைலில் திறந்தாலும் படிக்க முடிகிறது. மொபைல் வரும் என்று யாரும் அப்போது கணக்குப் போடவில்லை. தோற்றத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், "இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு" என்று மட்டும் எழுதியதால் கிடைத்த ஆயுள் அது.

தமிழ் ஏற்கெனவே பட்ட பாடு

எழுத்தைப் படமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் நேரடியாகவே அனுபவித்திருக்கிறோம். 2000 வாக்கில் தமிழ்த் தளங்களைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபான்ட். அதை இறக்கி நிறுவினால்தான் படிக்க முடியும். இல்லையென்றால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

காரணம் எளிது. அந்தப் பக்கங்களின் கோப்பில் இருந்தது தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். ஃபான்ட் அந்த எண்களின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியது, அவ்வளவுதான். டிஸ்கி, டாப், டாம் என்று தரப்படுத்தும் முயற்சிகள் வந்தன. குழப்பம் குறைந்தது, தீரவில்லை. யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் கிடைத்து, கணினிகளும் அதைக் காட்டப் பழகிய பிறகே தேடுபொறியில் தமிழில் தேடுவது பரவலாகச் சாத்தியமானது. தமிழாகத் தெரிவது ஒன்று, தமிழாகவே இருப்பது வேறொன்று.

இதே தவறு இன்று வேறு உருவத்தில் நடக்கிறது. அறிவிப்பை அழகாக வடிவமைத்து, படமாக மாற்றி, பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் புள்ளிகள். தேடினால் கிடைக்காது, பெரிதாக்கினால் மங்கும், திரைவாசிப்பான் வாசிக்காது, அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது.

ஒரு பக்கம் செய்து பார்ப்போம்: ஊர்ப் பேருந்து நேரம்

கற்றுக்கொள்ள ஒரு நிஜமான வேலை வேணும். உங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்திலிருந்து பக்கத்து ஊருக்குப் போகும் பேருந்துகளின் நேரப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். சின்ன பக்கம்தான். ஆனால் இதைப் படிப்பவர் வெயிலில், கையில் பையோடு, ஒரு கோடு சிக்னலில், பழைய போனில் படிப்பார். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது அவருக்கு முக்கியம். நல்ல பக்கத்துக்கும் மோசமான பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

தேவையான கருவிகள்: நோட்பேட் மாதிரி ஏதாவது ஒரு எழுத்துத் திருத்தி, ஒரு பிரவுசர். இலவசமாகக் கிடைக்கும் வி.எஸ். கோட் இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஃபோல்டரில் இண்டெக்ஸ் என்ற பெயரில் எச்.டி.எம்.எல் கோப்பு ஒன்றைச் சேமித்து, அதை இரண்டு முறை சொடுக்கினால் பிரவுசரில் திறக்கும். இன்டர்நெட்கூட வேண்டாம். குறிச்சொற்களின் பெயரை நான் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது கோண அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.

முதல் படி எச்.டி.எம்.எல். ஒவ்வொரு துண்டும் *என்ன* என்று சொல்வது மட்டுமே இதன் வேலை. பக்கத்தின் பெயருக்கு எச்1. "காலை", "மாலை" என்ற பிரிவுகளுக்கு எச்2. விளக்கத்துக்குப் பி. நேரப் பட்டியலுக்கு டேபிள். அதன் தலைப்புக் கட்டங்களுக்கு டி.எச், மற்ற கட்டங்களுக்கு டி.டி. விசாரணை எண்ணுக்கு இணைப்புக் குறிச்சொல்லான ஏ.

"பெருசா தெரியணும், அதனால எச்1 போட்டேன்" என்பது படம் வரைகிற புத்தி. "இது பக்கத்தின் தலைப்பு, அதனால எச்1" என்பதுதான் சரியான காரணம். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் படிப்பார்கள். தலைப்புகள் சரியாக இல்லாவிட்டால் அவர்களுக்கு அது பொருளடக்கம் இல்லாத புத்தகம். அதேபோல, அழுத்துவதற்கு ஒன்று வேண்டுமென்றால் பட்டன் குறிச்சொல்லையே பயன்படுத்துங்க. டிவ் என்ற வெறும் பெட்டிக்குப் பட்டன் மாதிரி நிறம் அடித்தால் கண்ணுக்குப் பட்டன்தான், ஆனால் விசைப்பலகையால் அதைத் தொட முடியாது.

தலைப்பகுதியில் மூன்று வரிகள்

கோப்பின் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதும் மூன்று விஷயங்களை ஆரம்பத்தில் எல்லோரும் அர்த்தம் தெரியாமல் நகலெடுக்கிறோம். தமிழ்ப் பக்கத்துக்கு மூன்றுமே உயிர்.

ஒன்று, எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்ற அறிவிப்பு. யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பிரவுசர் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகப் படிக்கும். அதனால்தான் உடைந்த தமிழ்ப் பக்கத்தில் தலைக்கு மேல் கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் திரும்பத் திரும்ப வரும். தமிழ்க் குறிகளில் பெரும்பாலானவற்றின் முதல் இரண்டு பைட்டுகள் பொதுவானவை, அவற்றின் முகம்தான் அது. அடுத்த முறை பார்த்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு, பக்கத்தின் மொழி. எச்.டி.எம்.எல் குறிச்சொல்லிலேயே லாங் என்ற பண்புக்கு டி, ஏ என்ற இரண்டு எழுத்துகளைக் கொடுத்தால் "இது தமிழ்" என்று பொருள். என்.வி.டி.ஏ மாதிரியான இலவசத் திரைவாசிப்பான்கள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க இந்த அறிவிப்பைப் பயன்படுத்துகின்றன. எங்கிருந்தோ நகலெடுத்த மாதிரிப் பக்கத்தில் "ஆங்கிலம்" என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுவது நம்ம ஆட்களிடம் ரொம்ப சகஜம்.

மூன்று, வியூபோர்ட். 2007இல் ஐபோன் வந்தபோது இணையம் முழுக்க அகலமான கணினித் திரைக்கான பக்கங்களே இருந்தன. அதனால் போன் தன்னை 980 பிக்சல் அகலத் திரையாகப் பாவித்து, பக்கத்தை வரைந்து, பிறகு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டியது. இன்றும் போன்கள் கிட்டத்தட்ட அப்படியே செய்யும். "உன் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்" என்று சொல்வதுதான் வியூபோர்ட் வரி. அது இல்லையென்றால் நம்ம பேருந்து நேரம் எறும்பு அளவில் தெரியும்.

அதன் பிறகுதான் அழகு

இந்த நிலையிலேயே பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அலங்காரம் ஏதும் இல்லை. ஆனால் எல்லாப் போனிலும் படிக்க முடியும். இங்கிருந்து செய்வதெல்லாம் கூடுதல் சேர்ப்புதான்.

சி.எஸ்.எஸ் மொழியை 1994இல் ஹோகன் வியம் லீ முன்மொழிந்தார்; 1996 டிசம்பரில் அது தரமானது. தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து வைப்பதே அதன் நோக்கம். ஆரம்பத்தில் கற்க வேண்டியவை குறைவு: எழுத்தளவு, வரி இடைவெளி, நிறம், உள் இடைவெளி, வெளி இடைவெளி, அதிகபட்ச அகலம். ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும் பெட்டிகளை அருகருகே அடுக்க வேண்டிய தேவை வரும்போது படித்தால் போதும்.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெரும்பாலான சி.எஸ்.எஸ் பாடங்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

வரி இடைவெளி: தமிழில் இகரக் கொம்பும் புள்ளியும் மேலே, உகரச் சுழிகள் கீழே. ஆங்கிலத் தலைப்புக்குச் சொல்லும் 1.1 அளவைத் தமிழுக்குப் போட்டால் மேல்வரி கீழ்வரியில் இடிக்கும். பத்திகளுக்கு 1.6 முதல் 1.8 வரை வைத்துப் பாருங்க.

நீளமான சொற்கள்: "மீனாட்சிசுந்தரம்பட்டியிலிருந்து" என்பது ஒரே சொல். பெரிய எழுத்தில் போட்டால் சின்னத் திரையின் ஓரத்தைத் தாண்டிப் போகும். சொல்லை உடைத்து மடிக்க அனுமதிக்கும் பண்பு ஒன்று சி.எஸ்.எஸ்ஸில் இருக்கு, ஓவர்ஃப்ளோ-ரேப் என்று தேடுங்கள்.

சாய்வெழுத்து: தமிழ் ஃபான்ட்கள் பலவற்றில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. பிரவுசர் எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்த்துவிடும். அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தே நல்லது.

ஃபான்ட்: ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ், விண்டோஸில் நிர்மலா என்று எல்லாக் கருவியிலும் இப்போது தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கு. முதல் பக்கத்துக்கு வெளி ஃபான்ட் எதுவும் வேண்டாம். ஒரு கோடு சிக்னலில் நிற்பவர் நம்ம அலங்கார ஃபான்ட் இறங்கும் வரை காத்திருக்கணுமா?

நிறம்: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்கணும் என்பது அணுகல் தரவிதி. வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் 94 சதவீதத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் அணுகல் பிழை கண்டது. அதில் முதலிடம் மங்கலான எழுத்துக்கு. வெளிர் சாம்பல் எழுத்து ஏ.சி. அறையில் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் காணாமல் போகும்.

ஜாவாஸ்கிரிப்ட் எதற்கு?

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். பக்கம் வந்து சேர்ந்த பிறகு அதில் ஏதாவது *நடக்க* வேண்டுமென்றால் இது தேவை. நம்ம பக்கத்தில், போனின் கடிகாரத்தைப் பார்த்து அடுத்து வரும் பேருந்தின் வரியை மட்டும் மஞ்சளாக்கலாம். பத்துப் பதினைந்து வரி நிரல். ஆனால் அந்த நிரல் ஓடாவிட்டாலும் முழுப் பட்டியல் அப்படியே இருக்கணும். பட்டியலையே ஜாவாஸ்கிரிப்ட்டால் கொண்டுவந்தால், நிரல் இறங்காதவருக்கு வெள்ளைத் திரைதான் மிச்சம்.

தமிழ் எழுதுபவர் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம்: "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்றெழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. விளையாட்டான தகவல் மாதிரி தெரியும். ஆனால் ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பத்து எழுத்து என்று வரம்பு வைத்தால், ஒன்பதெழுத்துப் பெயரான மீனாட்சிசுந்தரம், மீனாட்சிசு என்று நின்றுவிடுவார். ஏனென்றால் அவர் பெயர் கணினிக்குப் பதினாறு. படிவம் செய்தவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருப்பார். எழுத்துகளை நாம் எண்ணுகிற மாதிரியே எண்ண இன்டல்.செக்மென்டர் என்ற வசதி இப்போது பிரவுசர்களிலேயே இருக்கிறது.

மூன்று மொழி, மூன்று குணம்

புதிதாகக் கற்பவர்களைக் குழப்புவது தொடரியலைவிட இதுதான்: தவறு செய்தால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

எச்.டி.எம்.எல் மன்னித்துவிடும். மூடாத குறிச்சொல்லைத் தானே மூடிக்கொள்ளும், ஊகித்துப் பக்கத்தைக் காட்டும். டேபிளுக்குள் தவறான இடத்தில் எழுதிய வரியைத் தூக்கி டேபிளுக்கு மேலே வைத்துவிடும். "நான் கீழேதானே எழுதினேன்" என்று தலையைச் சொறிவோம். டபிள்யூ3சி தரும் இலவசச் சரிபார்ப்பானில் ஒட்டினால் தவறான வரியைக் காட்டும்.

சி.எஸ்.எஸ் கண்டுகொள்ளாது. புரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். அரைப்புள்ளி விட்டுப்போனால் அடுத்த வரியையும் சேர்த்து விழுங்கிவிடும். எனவே ஒரு நிறம் வேலை செய்யவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்க.

ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடும். எழுத்திலேயே பிழை என்றால் அந்தக் கோப்பு மொத்தமும் ஓடாது. ஓடும்போது பிழை வந்தால் அந்த இடத்தோடு நிற்கும். ஆனால் எந்த வரியில் என்று கன்சோலில் எழுதி வைத்துவிடும். கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் பெரும்பாலான பிரவுசர்களில் அது திறக்கும். அந்தச் சிவப்பு வரியைப் படிக்கப் பழகியவர் பாதி கற்றவர் என்றே சொல்லலாம்.

இந்தக் குணங்களுக்கும் நாம் கற்கும் வரிசைக்கும் தொடர்பு இருக்கு. எளிதில் உடையாதது அடியில், எளிதில் உடைவது மேலே. மேல்தளம் விழுந்தாலும் கீழ்த்தளம் நிற்கும்.

பக்கம் முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

கோப்பை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றிவிட்டால் உலகத்துக்குத் தெரியும். சொந்த டொமைனுக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். சந்தேகம் வந்தால் மொசில்லாவின் எம்.டி.என் ஆவணங்கள் எந்தக் கட்டணப் பாடத்துக்கும் குறைந்தவை அல்ல. ஏற்றும் முன் நாலு சோதனை மட்டும் செய்யுங்க.

1. பிரவுசர் சன்னலைப் போன் அகலத்துக்குச் சுருக்குங்கள். பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தால் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது.
2. மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் எல்லா இணைப்புக்கும் போய்ப் பாருங்கள்.
3. எஃப்12 கருவியில் மெதுவான நெட்வொர்க்கைப் போலியாக உண்டாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, முதல் நேரம் கண்ணில் படும் வரை எண்ணுங்கள்.
4. பக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் அவருடைய போனிலேயே கொடுத்து, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்க. விளக்கம் எதுவும் சொல்லாதீங்க. சும்மா பாருங்க.

நாலாவதுதான் கடினமான சோதனை. அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்தாலே அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். டிசைன் என்ற சொல்லுக்கு உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ரியாக்டும் மற்றவையும் எங்கேயும் ஓடிப்போகாது. அவற்றுக்கான தேவை வரும்போது, அவை கடைசியில் பிரவுசரிடம் கொடுப்பதும் இதே குறிச்சொற்களைத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.